இறுதிவரை வந்து தோற்றவர்கள்

(மொரப்பூரில் நடைபெற்ற நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழா என்றால் சாதனைகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அதைச் செவ்வனே செய்து முடித்தார்கள். ஆகவே எனக்குத் தரப்பட்டுள்ள நேரத்தைத் தோல்விக்கு ஒதுக்கிக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். எல்லாத் தோல்விகளையும் பற்றிப் பேசப் போவதில்லை. முதற்சுற்றிலேயே வெளியேறுகிறவனின் தோல்வி ஒருவகை. எதிர்வந்த ஒவ்வொருவரையும் வென்று, கடைசி வாசற்படியில் கால் வைத்து, அங்கே நின்ற ஒருவனிடம் மட்டும் தோற்கிறவனின் தோல்வி வேறுவகை. இந்த இரண்டாம் வகையே இன்று என் பொருள். அதற்குச் சான்றாக நம் தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணியின் கதையை எடுத்துக்கொள்கிறேன். கவியரங்க மேடையில் கிரிக்கெட்டா என்று சிலர் புருவம் உயர்த்துவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நம் தகடூருக்கு வந்துதான் முடிக்கப் போகிறேன்.

ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் 1934-இல் தொடங்கின. அதன் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4-ஆம் நாள் சென்னை மாகாண அணி மைசூர் அணியைச் சந்தித்து ஒரே நாளில் வென்றது. ஏ.ஜி. ராம்சிங் அந்த ஒரு நாளில் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இவ்வளவு நல்ல சகுனத்தோடு தொடங்கிய ஓர் அணி, அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில், 2024-25 பருவம் முடிய, பன்னிரண்டு முறை இறுதிப்போட்டிக்கு வந்தது. இரண்டு முறை வென்றது. பத்து முறை தோற்றது.

அந்தப் பத்தையும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வென்ற ஆண்டுகளைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். தோற்ற ஆண்டுகளை யாராவது ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும். 1935-36-இல் பம்பாயிடம். 1940-41-இல் மகாராஷ்டிரத்திடம்; அந்த அணியின் தலைவர் டி.பி. தேவதர் அப்போது ஐம்பது வயதை நெருங்கியவர். 1967-68-இல் மறுபடியும் பம்பாயிடம். 1972-73-இல் மூன்றாம் முறையாகப் பம்பாயிடம். 1991-92-இல் தில்லியிடம். 1995-96-இல் கர்நாடகத்திடம். 2002-03, 2003-04 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அடுத்தடுத்து மும்பையிடம். 2011-12-இல் ராஜஸ்தானிடம். 2014-15-இல் இரண்டாம் முறையாகக் கர்நாடகத்திடம்.

இந்தப் பட்டியலைக் கேட்டதும் 'ராசியில்லாத அணி' என்று சொல்லத் தோன்றும். தேநீர்க் கடையிலும் ரயில் பெட்டியிலும் அப்படித்தான் சொன்னார்கள். நாம் சொல்லை எடைபோட்டுப் பயன்படுத்துகிறவர்கள். ஆகவே இந்த 'ராசி' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

ஒரு நாணயத்தைப் பன்னிரண்டு முறை சுண்டினால் இரண்டு முறையோ அதற்கும் குறைவாகவோ தலை விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்றுதான். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏதோ ஒரு சாபம் இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் எதிரே நின்றவர் யார் என்றும் பார்க்க வேண்டும். பத்துத் தோல்விகளில் ஐந்து பம்பாயிடம், அதாவது இன்றைய மும்பையிடம். அந்த அணி 2023-24 வரை நாற்பத்தெட்டு இறுதிப்போட்டிகளில் ஆடி நாற்பத்திரண்டில் வென்றது. 1958-59 தொடங்கி 1972-73 முடியப் பதினைந்து ஆண்டுகள் கோப்பையை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட அணியிடம் ஐந்து முறையும் தோற்றது வருத்தத்திற்குரியதே, வியப்பிற்குரியது அன்று. அந்த ஐந்தையும் கழித்துவிட்டால் எஞ்சுவது ஏழு இறுதிப்போட்டிகள், இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி. நாணயத்தை ஏழு முறை சுண்டினால் இப்படியோ இதைவிட மோசமாகவோ அமைவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆடி மாதத்தில் ஒரு நாள் மழை பெய்வதுபோல இயல்பான செய்தி அது. சாபம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அடுத்து ஆட்டத்தின் விதியையும் பார்க்க வேண்டும். ரஞ்சி இறுதிப்போட்டி முடிவின்றிப் போனால் முதல் இன்னிங்சில் அதிக ஓட்டம் எடுத்த அணிக்கே கோப்பை. 1967-68, 1995-96, 2003-04, 2011-12 ஆகிய நான்கு முறையும் தமிழ்நாடு இப்படித்தான் கோப்பையை இழந்தது. அந்த நான்கு ஆட்டங்களிலும் அதை யாரும் முழுமையாக வீழ்த்திவிடவில்லை. 2012 சனவரியில் சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் முதலில் ஆடி 621 ஓட்டங்களைக் குவித்தது. வினீத் சக்சேனா என்பவர் பொறுமையே உருவாக நின்று 257 எடுத்தார். பதிலுக்கு நாம் எடுத்தது 295. அதன்பின் ஆட்டம் நாள் கணக்கில் நடந்துகொண்டிருந்தாலும் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. தோல்வி என்று அறிவிக்கும் கடைசிப் பந்து ஒன்று இல்லாமலே தோற்பதும் உண்டு என்பதை அந்த நாள்கள் காட்டின.

இதற்கு நேர்மாறானது 1972-73-இன் இறுதிப்போட்டி. மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்ற பெயர் அமைந்தபின், அந்தப் பெயரைத் தாங்கி நம் அணி ஆடிய முதல் இறுதிப்போட்டி அது. இடம் சேப்பாக்கம். அணித்தலைவர் வெங்கட்ராகவன். அவரும் வி.வி. குமாரும் நாட்டின் தேர்ந்த சுழற்பந்து வீச்சாளர்கள். ஆடுகளமும் சுழலுக்கு இசைவாகவே இருந்தது. பம்பாய் 151 ஓட்டங்களில் சுருண்டது. அதுவரை எல்லாம் நினைத்தபடியே நடந்தது. ஆனால் சுழலும் ஆடுகளத்திற்கு உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற வேறுபாடு தெரியாது. பத்மாகர் சிவால்கர் என்ற பம்பாயின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் 16 ஓட்டங்கள் கொடுத்து எட்டு விக்கெட்டுகளை எடுத்தார். நாம் 80. பம்பாய் மறுபடியும் ஆடி 113. நாம் மறுபடியும் ஆடி 61. சிவால்கருக்கு இம்முறை 18 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள். 123 ஓட்டங்களில் தோல்வி. மூன்றாம் நாளின் முதற்பந்தோடு எல்லாம் முடிந்தது.

கவிஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இங்கே இருக்கிறது. தம் வலிமை எதுவோ அதற்கேற்பக் களத்தை அமைத்துக்கொண்டவர்களை அதே களம் கைவிட்டது. இதில் அறியாமையோ சோம்பலோ ஏதுமில்லை. திட்டம் சரியானதே, எதிரியிடம் அதைவிடக் கூரிய ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். அந்த ஒருவரின் கதையையும் கேளுங்கள். பதின்மூன்று விக்கெட்டுகளோடு நம்மை வீழ்த்திய சிவால்கர், தம் வாழ்நாளில் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடவில்லை. பிஷன் சிங் பேடி என்ற மேதை அதே காலத்தில் அதே இடக்கைச் சுழலோடு பிறந்திருந்தார். 2025 மார்ச்சில் சிவால்கர் மறைந்தபோது எழுதப்பட்ட இரங்கல்களில் 'ஆடாமற்போன டெஸ்ட்' என்பதே மீண்டும் மீண்டும் வந்த செய்தி. நம்மை வென்றவரும் வேறொரு வாசற்படியில் நின்றே திரும்பியவர்தான்.

நாம் வென்ற இரண்டு முறையையும் பார்ப்போம். 1954-55-இல் பாலு அழகணன் தலைமையில் இந்தூரில் ஹோல்கார் அணியை 46 ஓட்டங்களில் வென்றோம். அந்த ஹோல்கார் பதினோரு ஆண்டுகளில் பத்து இறுதிப்போட்டிகள் கண்ட அணி. நான்கில் வென்றது, நம்மிடம் தோற்றது ஆறாவது தோல்வி. அத்தோடு அந்த அணியே இல்லாமற்போனது. 1987-88-இல் எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியைச் சந்தித்தோம். நாம் எடுத்தது 709. அவர்கள் 317, பின்பு 248. ஓர் இன்னிங்சும் 144 ஓட்டங்களும் நம் வெற்றியின் அளவு. கோப்பையை ஏந்திய வாசுதேவனும் இந்தியாவுக்காக ஆடியதில்லை. அன்று வீழ்ந்த ரயில்வே அணி 2001-02-இலும் 2004-05-இலும் கோப்பையை வென்றது.

நம்மை 2012-இல் வென்ற ராஜஸ்தானின் வரலாறு இன்னும் கசப்பானது. அந்த அணி 1960-61 முதல் 1963-64 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இறுதிப்போட்டிக்கு வந்து நான்கிலும் பம்பாயிடமே தோற்றது. 1973-74 வரை எட்டு இறுதித் தோல்விகள். அதன் முதல் வெற்றி 2010-11-இல்தான் வந்தது. முதல் தோல்விக்கும் முதல் வெற்றிக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். முதலில் தோற்றவர்கள் முதியவர்களாகிவிட்ட பிறகு, அவர்களுடைய பேரன் வயதுடையவர்கள் வென்றார்கள்.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைப்பது நம் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம். அதன் இறுதிப்போட்டிக்குச் சூப்பர் பவுல் என்று பெயர். பஃபலோ என்ற பனி கொட்டும் நகரத்தின் அணி 1991 முதல் 1994 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அந்த இறுதிப்போட்டிக்கு வந்தது. வேறெந்த அணியும் தொடர்ந்து நான்கு முறை அங்கே வந்ததில்லை. நான்கிலும் தோற்றது. முதல் தோல்வி ஒரே ஒரு புள்ளியில். கடைசி நொடிகளில் ஸ்காட் நார்வுட் என்பவர் 47 கெஜத் தொலைவிலிருந்து உதைத்த பந்து கம்பத்திற்கு வலப்புறமாக விலகிப் போனது. உள்ளே போயிருந்தால் வெற்றி. மறுநாள் ஊர் திரும்பிய அணியைக் காண நகரின் சதுக்கத்தில் ஆயிரமாயிரம் பேர் திரண்டார்கள். திரண்டவர்கள் கூவி அழைத்தது அந்த உதை தவறியவரின் பெயரை. அவர் தழுதழுத்த குரலில் பேசினார்.

அதே அணியின் மூன்றாம் தோல்வியில் இன்னொரு காட்சி. 1993 சனவரியில் டாலஸ் அணியிடம் 52-க்கு 17 என்ற கணக்கில் பஃபலோ தோற்றுக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் இறுதிக் கட்டம். டாலஸின் லியான் லெட் என்ற பெருத்த உடல்காரர் தவறிய பந்தைப் பொறுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கி ஓடினார். வெற்றிக் களிப்பில் கையை நீட்டிப் பந்தைக் காட்டியபடியே வேகத்தைக் குறைத்தார். பின்னாலிருந்து டான் பீபி என்பவர் களத்தின் நீளம் முழுவதும் துரத்தி வந்து, கோட்டுக்கு ஓர் அடி முன்னதாக அந்தப் பந்தைத் தட்டிவிட்டார். முடிவில் எந்த மாற்றமும் இல்லை. 52 என்பது 59 ஆகவில்லை, அவ்வளவுதான். ஆயினும் அந்த ஆட்டத்தில் வென்றவர்கள் செய்த பலவற்றை மறந்துபோனவர்கள்கூடப் பீபியின் ஓட்டத்தை மறக்கவில்லை.

நம் அணியிலும் அப்படி ஒரு நாள் உண்டு. 2015 மார்ச்சில் மும்பை வான்கடே அரங்கில் கர்நாடகத்திற்கு எதிரான இறுதிப்போட்டி. நாம் முதலில் 134-இல் சுருண்டோம். கருண் நாயர் 328 எடுக்க, கர்நாடகம் 762 என்று மலையாக ஏற்றிவிட்டது. அவர்களை மறுபடி ஆடவைக்கவே நமக்கு 628 வேண்டும். தோல்வி என்பது பேச்சுக்கு அப்பாற்பட்டுப் போய்விட்டது. அந்த நிலையில் தினேஷ் கார்த்திக்கும் விஜய் சங்கரும் ஆளுக்கொரு சதம் அடித்தார்கள். நாம் 411 எடுத்தோம். ஓர் இன்னிங்சும் 217 ஓட்டங்களும் தோல்வியின் அளவு. அந்த இரண்டு சதங்களும் எதையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றாது என்று தெரிந்தே அடிக்கப்பட்டவை அவை. யாரும் கேட்காத சிற்றிதழுக்கு ஒரு கவிஞன் தன் கவிதையை ஏழாவது முறை திருத்தி எழுதுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அன்பர்களே, இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். வெற்றி தோல்வியைப் பற்றி நம் பழந்தமிழ்ப் புலவர்கள் கொண்டிருந்த பார்வை, இன்றைய விளையாட்டுப் பக்கங்களைவிட முதிர்ந்தது. சோழர் இருவர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், ஒருவர் கோட்டையை மற்றவர் முற்றி நின்றபோது கோவூர்கிழார் நடுவே போய் நின்றார். போரென்றால் ஒருவர் தோற்றே ஆக வேண்டும், இருவரும் வெல்வது உலக இயற்கையில் இல்லை. தோற்பவன் எவனாயினும் தோற்பது உங்கள் ஒரே குடிதான் என்று எடுத்துரைத்தார். இறுதிப்போட்டி என்ற அமைப்பின் உள்ளுண்மையை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒருவனை மேடையேற்ற இன்னொருவனை அதே மேடையின் ஓரத்தில் நிறுத்தியே ஆகவேண்டிய ஏற்பாடு அது.

வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். அந்த வெற்றியைப் பாட வந்தவர் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர். கரிகாலனை முன்னிலைப்படுத்தி, அவன் குலப் பெருமையையெல்லாம் சொல்லி, கடைசியில் உன்னிடம் தோற்று வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லவா என்று கேட்டுவிட்டார். வென்ற மன்னனின் முகத்துக்கு நேரே இப்படிக் கேட்கப் புலவருக்குத் துணிவு இருந்தது. அந்தக் கேள்வியைத் தொகைநூலில் சேர்த்து வைக்கத் தொகுத்தவர்களுக்கு மனம் இருந்தது. அவர் அந்தத் தோல்வியை வெற்றி என்று மாற்றிச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். தோற்றவன் தோற்றவன்தான். ஆனால் நல்லவன் யார் என்பது வேறு கணக்கு என்றார்.

பரணி என்ற இலக்கிய வகையை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் ஆயிரம் யானைகளை வென்றவனைப் பாடுவது பரணி. ஆனால் நூலுக்குப் பெயர் தோற்றவரைக் கொண்டே அமையும். வென்றவன் குலோத்துங்கன், நூலின் பெயர் கலிங்கத்துப்பரணி. வள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தில், எளிய இலக்கை அடித்துவிட்டவனைவிடப் பெரிய இலக்கைக் குறிவைத்துத் தவறியவனுக்கே மேலான இடம் தருகிறார்.

இப்போது தகடூர். இந்த மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கி, பின்பு நின்றுபோனது, தண்டவாளமும் போனது. ஆனால் தருமபுரி தகடூராக இருந்தபோது நடந்த ஒரு தோல்வி மட்டும் இன்னும் போகவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியின் கோட்டையைப் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு அழித்தான். 'தகடூர் எறிந்த' என்பது அவன் பெயருக்கு முன்னே அடைமொழியாகவே நின்றுவிட்டது. அரிசில்கிழார் அவனைப் பதிற்றுப்பத்தில் பாடினார். வெற்றிக்குச் செய்யவேண்டிய மரியாதை அனைத்தும் செய்யப்பட்டது. அந்தப் போரைப் பற்றிய தகடூர் யாத்திரை என்ற நூல் முழுமையாகக் கிடைக்காமல், புறத்திரட்டில் சில பாடல்களாகவே எஞ்சியிருக்கிறது.

இன்று நம் ஊர்த் தெருவில் ஒரு பள்ளிச் சிறுவனை நிறுத்திக் கேளுங்கள். அவனுக்கு அதியமானைத் தெரியும், நெல்லிக்கனியைத் தெரியும், ஔவையைத் தெரியும். இங்கே ஓர் ஊரே அதியமான்கோட்டை என்று பெயர் தாங்கி நிற்கிறது. தோற்றவன் பெயர் மண்ணில் ஊன்றிக்கொண்டது. வென்ற இரும்பொறையையும் நாம் மறந்துவிடவில்லை. ஆனால் அவனை எதற்காக நினைக்கிறோம்? முரசு கட்டிலில் அறியாமல் ஏறித் தூங்கிவிட்ட மோசிகீரனார் என்ற புலவரை வாளால் வெட்டாமல், விசிறி எடுத்து வீசினானே, அதற்காக. தகடூரை எறிந்த கை அல்ல, கவரி வீசிய கைதான் தமிழன் நெஞ்சில் நிற்கிறது. வென்றவன், தோற்றவன் இருவரையுமே நம் இலக்கியம் முடிவை வைத்து நினைவில் கொள்ளவில்லை. நடந்துகொண்ட முறையை வைத்தே நினைவில் கொண்டது.

இதைச் சொல்வதால் தோல்வியை இனிப்பாக்குகிறேன் என்று எண்ண வேண்டாம். தோற்றவர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் பொய்கள் இரண்டு. ஒன்று, 'உண்மையில் வென்றவர்கள் அவர்களே' என்பது. இது கேட்பவனை அவமதிக்கிறது. 61 ஓட்டங்களில் சுருண்டவனிடம் போய் நீதான் வென்றாய் என்றால், அவன் பட்ட துன்பத்தை நாம் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள். மற்றொன்று மௌனம். பட்டியலில் வென்றவர் பெயரை மட்டும் அச்சிட்டு மற்றவர்களை விட்டுவிடுவது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. யார், எங்கே, எத்தனை ஓட்டங்களில், எப்படித் தோற்றார் என்பதைச் சரியாகச் சொல்வது. எண்ணிக்கை பிசகாமல் சொல்வதே ஒரு மரியாதை. நான் இவ்வளவு நேரம் ஆண்டுகளையும் ஓட்டங்களையும் அடுக்கியதன் காரணம் அதுதான்.

நம் வட்டத்திற்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்லி முடிக்கிறேன். பத்தாண்டுகளாகக் கவிதைப் போட்டிகள் நடத்துகிறோம். பரிசு பெற்றவர்களின் பெயர்கள் இந்த மலரில் வரும், வரவேண்டும். அவற்றுக்கு அடுத்த இடத்தில் நின்றவர்களின் பெயர்கள் எங்கே போயின? அரூரிலிருந்தும் கம்பைநல்லூரிலிருந்தும் கடத்தூரிலிருந்தும் கடைசிப் பேருந்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு வந்து, ஒரு கவிதை படித்து, தேர்வாகாமல் திரும்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள்? வராமற்போனவர்களை நாம் தேடினோமா?

நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து டி. நடராஜன் புறப்பட்டுப் போனதை நீங்கள் அறிவீர்கள். 2015-இல் ரஞ்சி ஆட்டத்தில் முதன்முதலாகக் களமிறங்கிய அந்தப் பருவத்திலேயே அவர் பந்து வீசும் முறை குறித்து ஐயம் எழுப்பப்பட்டது. கையசைவைத் திருத்திக்கொண்டு, மறுபடி எழுந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் ஆடினார். அவர் கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அதைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அப்படித் தடுக்கப்பட்ட பிறகு திரும்பி வர இடம் கிடைத்தவரின் கதை அது. இடம் கிடைக்காதவர்களின் கதை நமக்குத் தெரியாது; ஏனெனில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. தமிழ்நாடு அணியும் வெறும் தோல்விகளின் அணி அன்று. ஒருநாள் ஆட்டங்களுக்கான விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறை வென்ற அணி அது. 2019-இல் சையது முஷ்டாக் அலி கோப்பையின் இறுதியில் கர்நாடகத்திடம் ஒரே ஓட்டத்தில் தோற்று, 2021 நவம்பரில் அதே கோப்பையின் இறுதியில் அதே கர்நாடகத்தைக் கடைசிப் பந்தில் ஷாருக்கான் அடித்த சிக்சரால் வென்றது. மறுபடியும் களத்துக்கு வர முடிந்ததால்தான் அந்தக் கடைசிப் பந்தும் அவர்களுக்குக் கிடைத்தது.

ஆகவே வட்டத்தின் பொறுப்பாளர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். எல்லோருக்கும் பரிசு கொடுங்கள் என்று கேட்க மாட்டேன். அது நடுவரின் கடமையைக் கைவிடுவது. நல்ல கவிதைக்கும் செய்யும் தீங்கு. கோவூர்கிழார் சொன்னபடி இருவரும் வெல்வது இயற்கை அன்று. நான் கேட்பது, முதலாவதாக, இந்தப் பத்தாண்டுகளில் நம் அரங்கில் கவிதை படித்த ஒவ்வொருவரின் பெயரையும், படித்த ஆண்டையும், கவிதையின் தலைப்பையும் இந்த மலரின் பின்பக்கங்களில் அச்சிடுங்கள். பரிசு, பரிசின்மை என்ற குறிப்பு வேண்டாம். இரண்டாவதாக, ஒருமுறை வந்து பிறகு வராமற்போனவர்களுக்கு அடுத்த கூட்டத்திற்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். உங்கள் கவிதை ஏன் தேர்வாகவில்லை என்று நடுவர் கருதினாரோ, அதை ஒளிக்காமல் இரண்டு வரியில் எழுதுங்கள். அத்தோடு, மறுபடி வாருங்கள் என்றும் எழுதுங்கள். முதல் இரண்டு வரி இல்லாமல் மூன்றாம் வரியை மட்டும் எழுதினால் அவர்கள் அதை உபசாரம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அஞ்சியின் அவையில் இருந்த ஔவை, தொண்டைமானிடம் தூது போனபோது அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்தார். அங்கே வேல்கள் நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளத்தன. எங்கள் அரசன் வேல்களோ முனை முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் அவர். அஞ்சி கடைசியில் தோற்றவன். ஆயினும் அந்தப் பட்டறையைத்தான் ஔவை பெருமையோடு காட்டினார். நம் வட்டமும் அப்படி ஒரு பட்டறையாக இருக்கட்டும். முரிந்த முனையோடு வருகிறவர்கள் உள்ளே வரத் தயங்காத பட்டறையாக இருக்கட்டும்.